கரண்ட் போன இடத்தில்

பண்டாரவளையில் ஒரு கல்யாணம். புதிதாகத் தொடங்கிய உள்ளூர் இசைக்குழு ஒன்று பழைய சினிமாப் பாட்டை வாசித்தது. பல்லவி முடிந்து கீபோர்டு தனியாக ஒலித்ததும் நான் சாப்பாட்டை மறந்தேன். அந்த இசை படத்தில் கிடையாது. அது என் அக்காவுடையது.

தொண்ணூறுகளில், மடுல்சீமைப் பக்கத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் இளவட்டங்களும் இசைக்குழு தொடங்கினார்கள். அக்காதான் கீபோர்டு. திருவிழாவில் முதல் கச்சேரி. அதற்காகப் புதுப்படப் பாட்டொன்றை ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்தோம். பல்லவி முடிந்ததும் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. நடு இசை போயே போச்சு.

"வேற பாட்டு பாடிருவோம்," என்றார் ட்ரம்ஸ் அடிக்கும் மாமா.

"இருங்க மாமா, அந்த எடத்துக்கு நானே ஒன்னு போடுறேன்."

கொழுந்துக் கறை போகாத விரல்களோடு அக்கா தினமும் சாயங்காலம் உட்கார்ந்தாள். வாசிப்பாள், முகத்தைச் சுளிப்பாள், மறுபடி தொடங்குவாள். "சோத்தத் தின்னுட்டு வாசிடி," என்று அம்மா கத்தியது அவள் காதில் விழவேயில்லை.

திருவிழாவில் விசில் பறந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு ரேடியோவில் முழுப்பாட்டையும் கேட்ட எங்கள் லயம், "ரேடியோக்காரனுங்க பாட்டைக் கெடுத்துட்டானுங்க," என்று சலித்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துக் குழுக்களும் அக்கா வாசித்தபடியே வாசித்தன.

கல்யாண வீட்டில், கீபோர்டு வாசித்த பையனிடம் போனேன்.

"தம்பி, அந்த நடு மியூசிக்க எங்க புடிச்சீங்க?"

"எங்கயும் இல்லீங்க. பாட்டுலயே அப்படித்தானே இருக்கு?"

"ஆமா தம்பி, அப்படித்தான் இருக்கு," என்றேன். "இன்னொரு தடவை வாசிங்க."