ஒரே வார்டில் இரண்டு காமாட்சி

காஞ்சிபுரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் லேப் டெக்னீஷியன். எங்கள் ஊரில் ஒரே வார்டில் இரண்டு காமாட்சி படுத்திருப்பது அதிசயமல்ல. அன்று அவர்களில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை. அவருக்கு ஏற்றும் ரத்தத்துக்காக நான் மாதிரி எடுத்து, பெயர் ஒட்டி, பரிசோதித்து, பிரிவையும் எழுதிவிட்டேன்.

வார்டைத் துடைக்கும் ரூத் அக்கா லேப் வாசலுக்கு வந்தார். எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர்.

"ஏம்மா, நீ ஊசி குத்துனது ஜன்னலாண்ட இருக்குற காமாட்சிக்கு. ஆபரேஷன் செவிலிமேட்டுலேருந்து வந்த காமாட்சிக்குத்தானே?"

"டெக்னீஷியன் நீங்களா, நானா? போய்த் தரையைத் துடைங்க."

"துடைக்கிறேன்மா. திட்டுனாலும் பரவால்ல, நீ இன்னொரு தரம் பாக்குற வரிக்கும் இங்கியேதான் நிக்கிறேன்."

அவரை அனுப்புவதற்காகவே எழுந்துபோய், செவிலிமேட்டுக்காரரிடம் ரத்தம் எடுத்துப் பரிசோதித்தேன். முதலில் நான் எழுதியது பி பாசிட்டிவ். இவருக்கு ஓ பாசிட்டிவ். பி ரத்தம் ஏறியிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பாரா தெரியாது. பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, இனிமே காமாட்சிங்களுக்கு நம்பர் போட்டுத்தான் பேர் வெக்கணும்" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஊசி குத்தும் முன் பெயர், கணவர் பெயர், ஊர் மூன்றையும் நோயாளியையே சொல்லச் சொல்கிறேன். சந்தேகம் என்று யார் வந்து நின்றாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். ஜெபத்தில், 'என் கையால் ஒரு தவறும் நடக்கவில்லை, நன்றி ஆண்டவரே' என்று தினமும் சொல்வேன். அது உண்மையில்லை என்று தெரிந்தபின் அதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.