ஐந்து தலைமுறையும் ஒரு கம்பெனி அட்டையும்

முஹ்சினா ஐந்தாவது தலைமுறையையும் பிடித்துவிட்டாள் என்றதும் காளீஸ்வரனுக்கு வயிறு எரிந்தது. விருதுநகரில் ஞாயிறுதோறும் நடக்கும் குடும்ப வரலாற்று வகுப்பில் பதினோரு பேர். கண்காட்சிக்கு ஒருவருடைய வம்சப் படம்தான் போகும் என்று பானுப்பிரியா மேடம் சொல்லியிருந்தார். முஹ்சினாவுக்கென்ன, கடைவீதிக் குடும்பம். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டைத் திறந்தால் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அத்தா, சாட்சிகள் எல்லாம் மையில் இருக்கிறார்கள். கூலிக்குக் களையெடுத்த தன் ஆட்களுக்கு யார் பதிவேடு வைத்தார்கள்?

அவன் திருத்தங்கல் அச்சகத்தில் பட்டாசு லேபிளுக்குப் பிழை பார்ப்பவன். தாளில் இருப்பதை நம்பிப் பழகியவன். எம். புதுப்பட்டி வீட்டில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது ஒரேயொரு தீப்பெட்டிக் கம்பெனி வேலை அட்டை, அம்மாவுடையது. பிறந்த வருடம் 1979. பெரியம்மா மாரிசெல்வியிடம் கேட்டு வாங்கிய அட்டையிலோ 1981. மூத்தவள் அம்மா என்று படத்தில் ஏற்றிவிட்டான்.

வகுப்பில் அதை எட்டிப் பார்த்த முஹ்சினா கேட்டாள்:

"மாரிசெல்வின்னு போட்டிருக்கே, இவுகள என்னன்னு கூப்பிடுவீக?"

"பெரியம்மான்னுதான்."

"அம்மாவுக்கு ரெண்டு வயசு இளையவுகளையா?"

பக்கத்தில் இருந்த பாண்டிராஜ் சிரித்தான். "ஏலே, இனிமே சித்தின்னு கூப்பிடு. அட்டை சொல்லுதுல்ல!"

காளீஸ்வரனுக்குக் காது சுட்டது. இவளுக்குத் தோன்றியது தனக்கு ஏன் தோன்றவில்லை? வீட்டுக்குப் போனதும் அட்டையை அம்மா சண்முகத்தாயிடம் நீட்டினான்.

"இந்த வயசு யாரும்மா சொன்னது?"

"எங்கய்யாதான். எனக்கு அப்பப் பதினொண்ணு. சின்னப் பிள்ளைய எடுக்க மாட்டோம்னாக. நாலு கூட்டிச் சொல்லிப்புட்டாரு. அக்கா கல்யாணம் முடிச்சுத்தான வேலைக்கு வந்தா, அவளுக்கு எதுக்குப் பொய்?"

சொன்னது யார், சொன்னதால் யாருக்கு என்ன ஆனது என்று கேட்காமல் வருடத்தை எடுத்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. படத்தைத் திருத்தினான். எந்தத் தகவல் யாரிடமிருந்து வந்தது என்று கீழே குறிக்க வேண்டும் என்பது வகுப்பின் விதி. 'சந்தேகத்தைக் கிளப்பியவர்: முஹ்சினா' என்று எழுதினான். அடித்தான். மறுபடி எழுதினான், லேபிளில் எச்சரிக்கை வாசகம் போடுகிற பொடி எழுத்தில்.

"மூணே தலைமுறைதான். ஆனா ஒவ்வொரு வருசத்தையும் விசாரிச்சிருக்காரு" என்று மேடம் கண்காட்சிக்கு அவன் படத்தையே எடுத்தார்.

எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டியவள் முஹ்சினா. அவள் படம் போயிருந்தால் தன் கைகள் அப்படி எழும்பியிருக்காது என்று அவனுக்குத் தெரியும். அதற்கும் பொறாமையாக இருந்தது.