திருத்திய முகம்

"அண்ணன் படம் எங்க மதினி, இன்னும் மாட்டலையா?" என்று அந்தத் தம்பி கேட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில், மாலையோடு என் வீட்டுக்காரரின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். சவுதியில் என் வீட்டுக்காரரோடு ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பல வருடம் இருந்தவர் அவர். விடுமுறையில் திருமங்கலம் பக்கம் தன் ஊருக்கு வந்தவர், மறுநாளே எங்களைப் பார்க்க அவனியாபுரத்துக்கு வந்திருந்தார். "இதுதான் தம்பி" என்று நான் கையைக் காட்டினேன். எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். "அட, ஆமா. சின்ன வயசுப் படமா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் காபியைக் குடித்தார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தப் படத்தைச் செய்தவள் நான்.

நான் பிளக்ஸ் கடையில் டிசைன் செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட வேலை இது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மதுரையில் எல்லாவற்றுக்கும் பிளக்ஸ் வேண்டும். யாரோடும் அதிகம் பேசத் தெரியாத எனக்கு, திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இந்த வேலை ஒத்துப்போனது. படம் கொண்டுவருகிறவர்கள் கேட்பது எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். "கொஞ்சம் செவப்பாக்கி விடுங்க", "கண்ணுக்குக் கீழ அந்தக் கருப்ப எடுத்துருங்க", "பல்லச் சரி பண்ணிருங்க." இறந்தவர் கைலியோடோ பனியனோடோ இருக்கிற படம்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதற்காகக் கழுத்துக்குக் கீழே வைக்க ஒரு வெள்ளைச் சட்டை உடம்பு எங்கள் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். அது யாருடைய உடம்போ தெரியாது. அவனியாபுரத்தில் செத்துப்போன ஆண்களில் பாதிப் பேர் அந்தச் சட்டையைத்தான் போட்டிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தகவல் வந்தது. மகள் படிப்பு முடியட்டும், முடியட்டும் என்று ஊருக்கு வராமலே இருந்தவர். உடல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வீட்டில் எல்லோரும் அழுதார்கள். என் அத்தை, அவருடைய அம்மா, மட்டும் அழாமல் மூலையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகை வரவில்லை. கடைக்கார அண்ணன் வந்து, "படம் மட்டும் குடும்மா, நானே டிசைன் போட்டுருறேன்" என்றார். "வேணாம்ணே, நான் போடுறேன்" என்று என் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்னதல்ல. வேறு யாராவது அவர் முகத்தை வெட்டி அந்தச் சட்டையில் ஒட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவருடைய தங்கை கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. பந்தியில் யாரோ கேலி பேச, பல் தெரியச் சிரிக்கிற படம். மகள் பிறப்பதற்கும் முன்னால் எடுத்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டேன். தெருமுனையில் கட்டுவதற்கு அன்றைக்கே ஒரு பிளக்ஸ் அடித்தாகிவிட்டது. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் உடல் வைத்த பெட்டி வரும்வரை நான் திரும்பத் திரும்பக் கடைக்குப் போனேன். பெட்டிக்குப் பின்னால் வைக்கப் பெரிய படம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். நெற்றியில் ஏறியிருந்த முடியைக் கீழே இறக்கினேன். கன்னத்து அம்மைத் தழும்பை எடுத்தேன். காதோரத்து நிழலை மட்டும் ஒரு மதியம் முழுக்கச் சரிசெய்தேன். பசி தெரியவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்த நேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். புருசன் பிணவறையில் கிடக்கும்போது, நிறம் சரியாக விழுந்ததற்காக எனக்குள் ஒரு நிறைவு. கடைக்கு வெளியே சொந்தக்காரப் பெண்கள் நின்று, "ஆத்தாடி, தாலிய அறுக்கல, அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டா பாரு" என்று பேசியது கண்ணாடிக் கதவு வழியாகக் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். மவுஸை மட்டும் விடவில்லை.

பெட்டி வந்தது. நாளாகிவிட்டது, திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் நான் செய்த படத்தைப் பார்த்துத்தான் அழுதார்கள். அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தோம். படத்தை வெகுநேரம் பார்த்தார். "ராசா கணக்கா இருக்கான்" என்று மட்டும் சொன்னார். அப்போதும் அழவில்லை. தூரத்து உறவுக்காரர் ஒருவர் என் பக்கத்தில் குனிந்து, "எந்தக் கடையிலம்மா போட்டது? அம்புட்டு அழகா வந்திருக்கு. எங்கப்பாவுக்கு வருசத் திதி வருது" என்று கேட்டார். நான் எங்கள் கடைப் பெயரைச் சொன்னேன். பெட்டி தூக்குவதற்கு முன்னால், அந்த ஒரு நிமிடம், எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அதன் முன்னால் உட்கார்ந்துதான் அந்தத் தம்பி படம் எங்கே என்று கேட்டார்.

அவர் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. பொதுவாக ஆண்களிடம் நின்று பேச எனக்கு வராது. அன்று மட்டும், "ஒங்க போன்ல அவரு படம் இருந்தாக் காட்டுங்க தம்பி" என்று கேட்டுவிட்டேன். தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டினார். கட்டிலில் உட்கார்ந்தபடி ஒன்று, சமையல்கட்டில் கரண்டியோடு ஒன்று, பெருநாளன்று பிரியாணிச் சட்டிக்கு முன்னால் ஒன்று. முடி அநேகமாகப் போயிருந்தது. கழுத்துச் சதை தொங்கியிருந்தது. கன்னத்துத் தழும்பு இருந்தது. ஆனால் எல்லாப் படத்திலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். கண் மட்டும் சிரித்தது.

"ஏன் தம்பி எல்லாத்துலயும் வாயப் பொத்தியிருக்காரு?"

தம்பி நெளிந்தார். "அது… பல்லு போயிருச்சுல்ல மதினி. கட்டட வேலையில, சாரத்துல கம்பி பட்டு. முன்பல்லு."

"எனக்குத் தெரியாதே."

"சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டாரு. நாங்க கேலி பண்ணுவோம், ஏண்ணே, பொண்டாட்டிகிட்ட கூடவா மறைப்பீகன்னு. 'அடப் போடா, அவ ஊரு மூஞ்சியெல்லாம் அழகாக்குறவ. அவகிட்டப் போயி இந்தப் பல்ல எப்படிக் காட்டுறது? ஊருக்குப் போகையில கட்டிக்கிட்டுத்தான் போவேன்'ம்பாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசி வருடங்களில் வீடியோவில் பேசும்போது அவருடைய நெற்றியும் கண்ணும் மேலே ஓடும் மின்விசிறியும்தான் தெரியும். போனைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத மனுசன் என்று நினைத்திருந்தேன். அதற்கும் முந்தி ஒருநாள், வெயிலில் கறுத்துப்போன முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க இப்படி ஆயிட்டீங்க? வாங்க, கடையில வச்சு ஒரு மாசத்துக்கு ஒங்களையும் செவப்பாக்கி விடுறேன்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். அதுதான் நான் பார்த்த அவருடைய கடைசி முழுச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

"படத்த மாத்தணும் தம்பி. கூட இருந்து சொல்றீங்களா?" என்று கேட்டேன். நாங்கள் கடைக்குப் போனோம். கண்ணும் நெற்றியும் கழுத்தும் தம்பியின் போனில் இருந்த படத்திலிருந்து வந்தன. பொத்தாத வாய் எங்கேயும் இல்லை. ஆகவே பழைய கல்யாணப் படத்துச் சிரிப்பை எடுத்து அந்த முகத்தில் வைத்தேன். பிறகு, "எந்தப் பல்லு?" என்றேன்.

"இடது பக்கம்" என்றார் தம்பி. நான் கை வைத்ததும், "இல்ல மதினி, இருங்க. நான் எதுத்தாப்ல உக்காந்துல்ல சாப்புடுவேன். எனக்கு இடது, அவருக்கு வலது" என்றார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் சோற்றுத் தட்டு இருப்பதுபோலக் கையை வைத்துப் பார்த்தார். "இல்ல, படத்துலயும் அவரு எதுத்தாப்லதான இருக்காரு? அப்ப எனக்கு இடதுதான்." அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. "முழுசாப் போகல. பாதி ஒடைஞ்சு, சாய்வா நிக்கும். சோறு அதுல மாட்டிக்கிரும், நாக்க வச்சுத் தள்ளிக்கிட்டே இருப்பாரு."

எத்தனையோ பேருடைய பல் இடைவெளிகளை அடைத்த கை என்னுடையது. பக்கத்துப் பல்லிலிருந்து கொஞ்சம் எடுத்து ஓட்டையில் வைத்தால் போதும், கண் மூடிக்கொண்டு செய்வேன். பல்லை உடைக்க எனக்குத் தெரியவில்லை. கறுப்பை வைத்தால் கறை மாதிரி இருந்தது. பல் போன இடம் கறுப்பு இல்லை, உள்ளே நாக்கின் சிவப்பு லேசாகத் தெரிய வேண்டும், உதடும் அந்தப் பக்கம் ஒரு பொட்டு உள்வாங்க வேண்டும். அழித்து அழித்துச் செய்தேன். இந்தத் தடவை சந்தோஷம் எதுவும் வரவில்லை. கடைசியில் உதட்டைச் சரிசெய்தபோது, பக்கத்தில் இருந்த தம்பி, "அண்ணே" என்றார். என்னிடம் சொல்லவில்லை. வாசலில் வந்து நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோலத் திரையைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கண் நிறைந்து திரை மங்கிப்போனது. தகவல் வந்த நாளிலிருந்து வராத அழுகை, கடையில், மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் வந்தது.

புதிய படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தையின் மடியில் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சேலைத் தலைப்பால் அந்த இடத்தைத் துடைத்தார். போகவில்லை என்றதும் இன்னொரு தடவை துடைத்தார். "ஏத்தா, எம் மவனுக்குப் பல்லு போயிருச்சா? யாருமே சொல்லலையே எங்கிட்ட" என்றார். "எதத்தான் கடிச்சுத் திண்டான் அம்புட்டு நாளும்? கறி திங்க ஆசப்படுவானே." அப்படிக் கேட்டுக் கேட்டு, பெட்டி வந்த அன்று அழாத அழுகையை எல்லாம் அன்று அழுதார். ஒரு பல்லுக்காக அழுதார்.

பழைய படத்தை இறக்கிவிட்டு இதை மாட்டியிருக்கிறேன். மாட்டினது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் என்னிடம் மறைக்க நினைத்தது ஒன்றே ஒன்று. அதைத்தான் வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி சுவரில் வைத்திருக்கிறேன். கழற்றினாலோ, அத்தைக்கு மகன் இல்லை. காலையில் விளக்கு ஏற்றும்போது அந்த வாயை நேராகப் பார்க்க என்னால் முடிவதில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் வாய் வருவதில்லை. விளக்கை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

போன வாரம் பத்திரிகை வைக்க வந்த உறவுக்கார அக்கா, படத்தை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏன்டி, அந்தக் கடையிலதான வேல பாக்குற? கட்டுன புருசனுக்கு இந்தப் பல்ல அடைச்சு விடத் தெரியலையா?"

"அடைக்கத் தெரியும்க்கா" என்றேன். அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருந்தது. காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.