நிலக்கரி டெண்டரில் இரண்டு சம்பந்திகள்

ஜுமாதிலுக்குக் கொச்கோர் என்ற குளிர் மலையூரில் நிலக்கரி வியாபாரம். சொந்த லாரி, சொந்த முற்றம், யாருக்கும் அடங்காத வாய். அவரைப் பொறுத்தவரை வரி என்பது ஒரு காகிதம்தான். மாதம் பிறந்ததும் அலுவலகத்தில் பணம் கட்டி அதை வாங்கி, லாரிக் கண்ணாடியில் சொருகிவிட்டால் அதோடு சரி. எவ்வளவு விற்றாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு சீர்திருத்தம் வந்தது. காகிதம் போயிற்று. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் கணினி ரசீது வேண்டும் என்றார்கள். ஜுமாதில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் தானே போய்ப் பதிவு செய்துகொண்டார். வேறு வழியில்லை. ஊரில் பலர் மின்சார அடுப்புக்கு மாறிவிட்டார்கள். பள்ளிக்கூட அடுப்புகளுக்குக் கரி கொடுக்கும் அரசு ஆர்டர் கிடைத்தால்தான் அந்தக் குளிர்காலம் ஓடும். பதிவு இல்லாதவருக்கு அரசு டெண்டர் கிடையாது.

முன்பெல்லாம் இது ஓர் ஆட்டோடு முடிகிற விஷயம். ஆடு அறுபடும், அதிகாரி விருந்துக்கு வருவார், டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். இப்போது இணையத்தில் விலையை எழுதி அனுப்பவேண்டும். திறக்கும் நாள்வரை யார் போட்டி என்று யாருக்கும் தெரியாது. குறைந்த விலைக்கே ஆர்டர். உண்மையைச் சொன்னால், ஜுமாதிலுக்கு இது பிடித்திருந்தது. யார் முன்னாலும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டாம்.

திறந்தார்கள். முதலிடம் ஜுமாதில். இரண்டாமிடம் ஒசோர். மூன்றாவதாகத் தலைநகரத்துக் கம்பெனி ஒன்று.

ஒசோரும் கரி வியாபாரிதான், அதோடு அவருடைய சம்பந்தி. மகள் பெர்மெத் வாழ்க்கைப்பட்ட வீடு அது. விருந்தில் சம்பந்திக்கு எந்த எலும்பை வைப்பது என்பதில் பிசகினால்கூட எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்குப் பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவரின் பிழைப்பில் கைவைத்துவிட்டோமே என்று ஜுமாதிலுக்கு வியர்த்துக் கொட்டியது. உடனே டெண்டர் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"எனக்கு வேண்டாம்மா. அடுத்தவருக்கே குடுத்துருங்க."

"அண்ணே, ஜெயிச்சுட்டு வேண்டாம்னா கருப்புப் பட்டியல்ல போட்டுருவாங்க. அப்புறம் எந்த டெண்டர் பக்கமும் தலைவெச்சுப் படுக்க முடியாது."

"போட்டுக்கட்டும். என் பொண்ணு அந்த வீட்டுல வாழணும்."

சில நாள் கழித்து ஒசோர் கூப்பிட்டார். குரலில் சூடு.

"என்ன சம்பந்தி, என்னை என்னன்னு நெனச்சீங்க? நீங்க ஒதுக்கி வெச்ச துண்டை நான் எடுத்துத் திம்பேனா?"

"ஐயையோ, ஒரு மரியாதைக்குத்தான்..."

"மரியாதை உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா? நானும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்!"

இருவருமே கருப்புப் பட்டியலில் ஏறினார்கள். ஆர்டர் தலைநகரத்துக் கம்பெனிக்குப் போனது. உறவைப் பார்த்துக் கொடுப்பதைத் தடுக்கத்தான் அரசாங்கம் பெயர்களை மறைத்தது. உறவைப் பார்த்து விட்டுக்கொடுப்பார்கள் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

பனி விழும்போது அந்தக் கம்பெனியின் கரி வந்தது. பாதி தூசி, மீதியில் பாதி மண். பெர்மெத் அந்தப் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்கு வந்தவள் டீயைக்கூடத் தொடவில்லை.

"அடுப்பு புகையுதே தவிர சூடே இல்லப்பா. குழந்தைங்க கையுறையோட பென்சில் புடிக்குதுங்க."

"உனக்காகத்தானேம்மா விட்டுக்குடுத்தேன்."

"நான் கேட்டேனாப்பா?"

ஜுமாதிலுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு பெரிய மனிதத்தனம் காட்டியதில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரப்போகிற பிள்ளைகள் அவர் நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலை நல்ல கட்டிக் கரியாகப் பொறுக்கி லாரியில் ஏற்றினார். காசும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். பள்ளி வாசலை அடைந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு லாரி வந்து நின்றது. அதுவும் நிறையக் கரி. ஒசோர் இறங்கினார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். வாசலோ ஒரு லாரி நுழையும் அகலம்தான்.

"நீங்க போங்க சம்பந்தி."

"அதெப்படி? பொண்ணு குடுத்தவரு நீங்க, நீங்கதான் முன்னால."

"வயசுல மூத்தவரு நிக்க, நான் போறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும், போங்க."

"உங்களுக்கு அப்புறந்தான்."

இரண்டு லாரிகளும் உறுமிக்கொண்டு நின்றன. அப்போது ஒன்றாம் வகுப்பு ஜன்னல் திறந்தது. எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் முன்னால் குரல் உயர்த்தமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து பெர்மெத்தின் சத்தத்தை ஒசோர் கேட்டதே இல்லை. கோட்டும் சால்வையுமாக அவள் பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"யாராவது ஒருத்தர் உள்ள வாங்க! குழந்தைங்களுக்குக் குளிருது!"