ஒயர் தீய்ந்தால் ஓடும் குடும்பம்

எங்கள் பழைய காரில் நேற்று ஒயர் தீயும் நாற்றம் வந்தது. வண்டியை நிறுத்திக் குதித்தவன் புளியமரத்தடியில்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் மனைவி இன்னும் காருக்குள்ளேயே இருக்கிறாள். என் கையில் முறுக்கு டப்பா.

இது பரம்பரை ஓட்டம். 1940களில் என் அப்பா, எங்கள் நைனா, செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டினார். எனக்கு நான்கு வயதிருக்கும். அம்மாவோடு தொண்டூர் போகும் வழியில் ஸ்டியரிங்குக்குக் கீழே இதே நாற்றம் வந்து, புகையும் கிளம்பியது. "பத்திக்கிச்சு, எறங்குங்க!" என்று கத்திய நைனா, என்னை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தூரத்தில் தெரிந்த ஒரு பாறைவரை ஓடிவிட்டார்.

அம்மா நிதானமாக இறங்கினாள். "ஓடுனது போதும். வந்து பேட்டரி ஒயர கழட்டுய்யா!"

நைனா வந்து கழட்டினார். புகை அடங்கியது. பிறகு விளக்குக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ரப்பர் தேய்ந்து, உள்ளே இருந்த கம்பி வண்டியின் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. வேட்டி ஓரத்தைப் பல்லால் கிழித்து அதில் சுற்றினார். எல்லாம் ஒரே கையால்.

"புள்ளைய எங்கிட்ட குடுய்யா."

"இருக்கட்டும்மே."

பீடி வாசனையடிக்கும் அந்தச் சட்டைக்குள் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் காதில் கேட்டது. வண்டி கிளம்பும்வரை என்னை இறக்கவே இல்லை.

நேற்று அந்தப் புளியமரத்தடியிலிருந்து நான் காருக்குத் திரும்பினேன்.

"முறுக்கு பத்திரமா?" என்றாள் மனைவி.

டப்பாவைக் கீழே வைத்தேன். கதவைத் திறந்து, அவள் கையைப் பிடித்து இறக்கி, அப்படியே பேட்டரிப் பக்கம் போனேன்.

"கைய வுட்டுட்டு வேலையப் பாருங்க."

"இருக்கட்டும்மே" என்றேன்.