படத்தில் விழாத மழை

மெற்றில்டா காலமான செய்தியை அவருடைய கணவர்தான் தொலைபேசியில் சொன்னார். வெள்ளவத்தை மீன் சந்தையில் நின்றிருந்தேன். "விடிய மூச்செடுக்கக் கஷ்டப்பட்டவ சேர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சுது" என்றார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் மழைக் கண்காணிப்புப் பிரிவில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து எல்லோருக்கும் முன்னமே கதிரையில் இருப்பார். செய்மதி அனுப்பும் மழைப்படத்தைத் திறக்க முன்னர், மலைத் தோட்டங்களில் மழைமானி பார்ப்பவர்களுக்குப் போன் எடுப்பார். பிள்ளைகுட்டி சுகமெல்லாம் விசாரித்த பிறகுதான் மழைக்கு வருவார். அவருடைய மேலதிகாரியான எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கேட்டால், "கடல்ல மழை பெய்தால் செய்மதிக்கு நல்லாத் தெரியும் சேர். தரையில, செய்மதி மழையைப் பார்க்கிற அதே நுண்ணலையை நிலமே அள்ளி வீசுது; மழை அதுக்குள்ள மறைஞ்சுபோகும். முகிலுக்குள்ள ஐஸ் இருந்தால்தான் மழை எண்டு பிடிக்கும். எங்கட மலையில ஐஸ் இல்லாமலே கொட்டும்" என்பார். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

ஒரு காலை, ஒரு மலைச்சரிவின் மேல் படம் வெறுமையாக இருந்தது. முதல்நாள் மண்சரிவு எச்சரிக்கையால் அங்குள்ள லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளில், இருந்த சனம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. எச்சரிக்கையை எடுத்துவிடலாம் என்றேன். "தோட்டத்துல மழைமானி பார்க்கிறவர் இன்னும் போனுக்கு வரேல்ல சேர். கொஞ்சம் பொறுங்கோ" என்றார். ஆகாயத்திலிருந்து பார்ப்பதைவிட உம்முடைய போன் பெரிதோ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சனம் வீடு திரும்பியது.

அவர் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆள் கிடைத்தார். மழைமானி நிரம்பி வழிகிறதாம். என்னைக் கேட்காமலே, அதே போனில், லயத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். பின்னேரம் சரிவு இறங்கி லயத்தை மூடியது. உள்ளே ஒருவரும் இல்லை.

எங்கள் அலுவலகத்திலிருந்து நேரத்துக்குப் போன் போனது மட்டும்தான் மேலிடத்துக்குத் தெரியும். பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. செய்மதித் தரவை விழிப்பாகப் பயன்படுத்தினேனாம். வெட்கங்கெட்டு வாங்கிக்கொண்டேன். மெற்றில்டா எழும்பி வந்து கை கொடுத்தார். அதன்பின் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில், அவரைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் கணவர் என் கையைப் பிடித்தார். "அந்தச் சனத்தைக் காப்பாத்தினது எங்கட சேர்தான் எண்டு அவ பிள்ளையளுக்குச் சொல்லுவா" என்றார். தலையாட்டினேன்.

பிந்திப்போய் இப்போது சொல்கிறேன். அவருடையதென்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: என் பெயருக்கு வந்த அந்தக் கடிதம்.