கொள்ளுத்தாத்தாவின் மாளிகையைத் தேடி மட்டாஞ்சேரிக்கு

காலை ஆறு மணி சுமாருக்குக் கோவையில் ரயில் ஏறினோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், அவர்களின் வரலாற்று ஆசிரியையான நான், ஒரு பழைய புகைப்படம். படத்தில் யாழினியின் கொள்ளுத்தாத்தா, பெரிய தூண்கள் வைத்த மாளிகை முன்னால் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார். அட்டையின் அடியில் ஒரு ஸ்டூடியோவின் பெயரும் மட்டாஞ்சேரி என்ற ஊர்ப்பெயரும் அச்சாகியிருக்கின்றன. "அது எங்க குடும்பத்து வீடு" என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அதையே அவள் வகுப்பில் சொன்னபோது அசோக் எழுந்து, "ஆதாரம்?" என்று கேட்டுவிட்டான். அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அப்புறம் என்ன, மூட்டை கட்டிவிட்டோம்.

எறணாகுளத்தில் படகு பிடித்தோம். வெலிங்டன் தீவின் கிடங்குகளைத் தாண்டியதும் யாழினி என் பக்கம் திரும்பினாள்.

"வீடு இல்லேன்னா அப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன் மிஸ்?"

"இருந்துட்டா?"

"அசோக் மூஞ்சியப் பார்க்கோணும்!" என்று சிரித்தாள்.

மட்டாஞ்சேரியில் இறங்கியதுமே மிளகும் சுக்கும் மூக்கைத் துளைத்தன. கடை கடையாகப் படத்தை நீட்டினோம். எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். வெயில் தாங்காமல் ஒரு சாயாக்கடையில் ஒதுங்கினோம். சாயா பன்னிரண்டு ரூபாய், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் அதே விலை. கடைக்காரி ராணி சேச்சி தமிழ்க் குடும்பம்தான். பேச்சில் பாதி மலையாளம்.

"இத்தற வலிய வீடா? இவிடயே ஜனிச்சு வளர்ந்தவளாக்கும் நான். கண்டதே இல்ல மோளே."

"பார்த்தியா!" என்று துள்ளினான் அசோக்.

யாழினி விடவில்லை. "சேச்சி பொறக்கறதுக்கு முன்னாடியே இடிச்சிருந்தா? அவங்க பார்க்கலேங்கறது ஆதாரமாகாது."

அடி சக்கை! எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. "ஊரைக் கேட்டது போதும். இனிப் படத்தைக் கேளுங்க" என்றேன்.

எல்லாத் தலைகளும் படத்தின்மேல் கவிழ்ந்தன. யாழினிதான் முதலில் நிமிர்ந்தாள்.

"மிஸ், தூணுல மடிப்பு இருக்கு."

இருந்தது! தரையைத் தொடுகிற இடத்தில், காயப்போட்ட வேட்டி மாதிரி, தூண் சுருங்கியிருந்தது. மாளிகை, ஸ்டூடியோவில் தொங்கிய ஓவியத் திரைச்சீலை.

ராணி சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எண்டம்மோ! என் கல்யாண போட்டோவில தாஜ்மகால் உண்டு மோளே. நான் பக்கத்துல இருக்கற ஆலுவா தாண்டிப் போனதே இல்ல!"

கடையே அதிர்ந்தது. யாழினிக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

"அப்ப படமே பொய்யா மிஸ்?" என்றான் அசோக்.

அவனுக்கு யாழினியே பதில் சொன்னாள். "மாளிகைதான் பொய். ஒரு நாளாவது இந்த ஊருக்கு வந்து, ஜம்முனு படம் எடுத்திருக்காரு. அது நிஜம்."

யாரும் சொல்லாமலே அப்பாவுக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். "அப்பா, அது நம்ம வீடில்லப்பா. வெறும் திரை. நானேதான் கண்டுபிடிச்சேன்."

பழம்பொரியைக் கடித்தவன்கூட மெல்லவில்லை.

"அட, கெட்டிக்காரத் தாத்தா!" என்று போனில் அப்பாவின் வெடிச்சிரிப்பு. பிறகு, "சரி கண்ணு, அப்ப அவரு எங்கதான் குடியிருந்தாரு?" என்று கேட்டார்.

படகுக்கு நேரமாயிற்று என்று நான் கத்தக் கத்த, பிள்ளைகள் படத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கிவிட்டார்கள்.